சீழ் வடியும் காதுக்கு மருந்துக்கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஆகட்டும், குன்னூர் மார்க்கெட் பக்கம் ஆகட்டும், கூடலூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஆகட்டும், மருந்துக்கடையில் நின்று "அண்ணா, காது ஒழுகுது, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே மருந்து கைக்கு வராது. ஒரு கடையில் சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுப்பார்கள், இன்னொன்றில் நாலு மருந்து கலந்த சொட்டு, வேறொன்றில் ஜென்டாமைசின். காதழுக்கைக் கரைக்கும் மருந்தை எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. எல்லாமே பார்க்க ஒரே மாதிரிக் குட்டி பாட்டில்கள். செவிப்பறை முழுசாக இருக்கிற காதில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்து மாதக்கணக்கில் சீழ் வடிகிற காதில் இவற்றில் ஒன்று காதை உலர்த்தும், இன்னொன்று கேட்கும் திறனையே எடுத்துவிடலாம்.

இந்த மதிப்பீடு அந்த இரண்டாவது வகைக் காதை மனதில் வைத்து எழுதியது. சளி பிடித்து இரண்டு நாள் காது வலித்துச் சரியானவர்களுக்கு இது பொருந்தாது. செவிப்பறை ஓட்டை வழியாக இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வந்தால் அதை நாள்பட்ட நடுக்காதுச் சீழ் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. ஆறு வாரம், மூன்று மாதம் என்று எல்லை வைக்கும் ஈஎன்டி மருத்துவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தலையணை உறையில் கறை, பள்ளியில் பிள்ளை பின்பெஞ்சில் எதையும் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பது, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது, இவ்வளவுதான் வெளியே தெரியும். வலி இல்லாததால் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அலமாரியில் எதை எடுப்பது என்பது தானாகவே புரியும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. சளி, மூக்கின் பின்புறச் சதையான அடினாய்டின் வீக்கம், வீட்டுக்குள் பிடிக்கும் பீடி சிகரெட் புகை, இதனாலெல்லாம் அந்தக் குழாய் அடைபட்டு உள்ளே நீர் தேங்குகிறது, கிருமி சேர்கிறது, சீழ் அழுத்தி செவிப்பறை கிழிகிறது. பெரும்பாலான கிழிசல்கள் தானே ஆறிவிடும். சிலருக்கு ஓட்டை நிலைத்துவிடுகிறது. பிறகு குளிக்கும் தண்ணீர் வெளியிலிருந்து போகிறது, மூக்குச்சளி உள்ளிருந்து போகிறது, காது மறுபடி மறுபடி ஒழுகுகிறது. இந்தச் சீழில் அதிகம் வளர்வது சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இரண்டு கிருமிகள். முதல் கிருமியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரைக்கு அது இயல்பிலேயே மசியாது.

குளிர்காற்று பட்டதால் காதில் சீழ் வருகிறது என்று மலையில் பலர் நம்புகிறார்கள். காற்று காரணம் இல்லை, சளிதான் காரணம். மங்கி கேப் போடுவதில் தவறில்லை. மழையில் நனைந்த தொப்பியையும் ஸ்கார்ஃபையும் அப்படியே நாள் முழுக்கக் காதின் மேல் இறுக்கி வைத்திருப்பதுதான் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். ஜூனிலிருந்து பந்தலூர், தேவாலா பக்கம் தோட்டத்தில் இலை பறிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்ஸசின் 0.3 சதவீதச் சொட்டு

வாங்க வேண்டியது இதுதான். சிப்ளாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும், வேறு பல கம்பெனிகளும் தயாரிக்கின்றன. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இருந்தால் அங்கேயே வாங்கலாம். பெட்டியில் 'கண் / காது' என்று இரண்டும் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். கண்ணுக்கான சொட்டைக் காதில் விடலாம், காதுக்கு மட்டும் என்று போட்டதைக் கண்ணில் விடக் கூடாது.

மாத்திரையை விட இந்தச் சொட்டு ஏன் மேல் என்பதற்குக் கணக்கே சாட்சி. 0.3 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 3000 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்தை 500 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் மில்லிக்கு 2 அல்லது 3 மைக்ரோகிராம்தான் ஏறுகிறது. சீழ் இருக்கும் இடத்தில் ஆயிரம் மடங்கு அடர்த்தி கிடைப்பதால்தான் மாத்திரைக்கு அடங்காத சூடோமோனாஸும் இதற்கு அடங்குகிறது. வெறும் சீழ் வடிதலுக்கு மாத்திரை தேவையில்லை. காதின் பின்புறம் வீங்கினால், காய்ச்சல் வந்தால் கதை வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் சிப்ரோஃப்ளாக்ஸசினையும் ஆல்கஹாலில் கரைத்த போரிக் அமிலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. இரண்டு வார முடிவில் சிப்ரோஃப்ளாக்ஸசின் விட்டவர்களில் 59 சதவீதத்தினருக்குக் காது உலர்ந்தது, போரிக் அமிலம் விட்டவர்களில் 32 சதவீதத்தினருக்கு. நல்ல மருந்து என்றாலும் பத்தில் நாலு பேருக்கு இரண்டு வாரத்தில் உலரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வாங்கும்போது பாட்டிலின் அளவைப் பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இது. ஒரு மில்லியில் சுமார் 20 சொட்டு. ஒரு காதுக்கு வேளைக்கு 5 சொட்டு, நாளைக்கு இரண்டு வேளை என்று மருத்துவர் எழுதியிருந்தால் 14 நாளைக்கு 140 சொட்டு, அதாவது 7 மில்லி. கடையில் 5 மில்லி பாட்டில் கொடுத்தால் பத்தாம் நாளே தீர்ந்துவிடும். அதற்குள் சீழ் குறைந்திருக்கும், "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள், அடுத்த மாதம் மறுபடி ஒழுகும். இரண்டு காதும் ஒழுகினால் 14 மில்லி வேண்டும். கோத்தகிரி டவுனுக்கு ஒரு முறை வந்துபோக அரை நாள் ஆகும் ஊர்க்காரர்கள் முதல் நாளே கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டில் ஓஃப்ளாக்ஸசின் எழுதியிருந்தால் அதுவும் இதே குடும்பத்து மருந்துதான். ஆனால் அதைப் பெரியவர்களுக்கு வேளைக்கு 10 சொட்டு வரை எழுதுவதுண்டு. அப்படியானால் ஒரு காதுக்கே 14 மில்லி. பிள்ளைகளுக்கு அளவு குறையும், மருத்துவர் எழுதியதைத்தான் விட வேண்டும்.

சொட்டு வேலை செய்யாமல் போவது எதனால்

இந்த மருந்தை விட்டும் பயனில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, காதைத் துடைத்துவிட்டு விட்டீர்களா என்பதைத்தான். காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை போகும் காதுக் குழாய் சீழால் நிரம்பியிருக்கும்போது மேலே ஐந்து சொட்டு விட்டால் அது சீழின் மேலேயே மிதந்து வெளியே வழிந்துவிடும். நடுக்காதுக்குப் போய்ச் சேராது.

துடைப்பதற்குக் கடையில் விற்கும் பட்ஸ் உதவாது. அது சீழை உள்ளே தள்ளும், பஞ்சு இழையை விட்டுவிட்டு வரும், கைதவறினால் செவிப்பறையிலேயே குத்தும். தீக்குச்சி, ஊக்கு, ஹேர்பின் பற்றிச் சொல்லவே வேண்டாம். நல்லது என்பது வீட்டிலேயே செய்யும் திரி. துவைத்து வெயிலில் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியிலோ, ஈரத்தில் நைந்துபோகாத கெட்டியான டிஷ்யூ காகிதத்திலோ ஒரு துண்டு எடுத்து, நுனி கூராக வரும்படி முறுக்கிக்கொள்ள வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, பெரியவர்களுக்குக் காதுமடலை மேலாகவும் பின்னாகவும், சின்னக் குழந்தைக்குக் கீழாகவும் பின்னாகவும் இழுத்துப் பிடித்தால் காதுக் குழாய் நேராகும். திரியை மெதுவாக உள்ளே விட்டு, லேசாகத் தட்டுப்படும்போது நிறுத்தி, ஒரு நிமிடம் அப்படியே விட வேண்டும். சீழைத் திரியே உறிஞ்சும், சுழற்றத் தேவையில்லை. ஈரமானதை எறிந்துவிட்டு அடுத்த திரி. திரி காய்ந்து வெளியே வரும் வரை இப்படி. முதல் இரண்டு மூன்று நாள் நாலைந்து திரி ஆகும், பிறகு ஒன்றிரண்டில் முடியும். நாளைக்கு மூன்று நான்கு முறை துடைக்கலாம், அதில் இரண்டு முறை துடைத்த கையோடு சொட்டு. திரியைக் காதிலேயே விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

இரண்டாவது தவறு மலைக்கே உரியது. மருந்து குளிர்ந்திருப்பது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல்மேல் உறைபனி கிடக்கும் காலையில், ஜன்னல் ஓரம் இரவெல்லாம் இருந்த பாட்டிலை எடுத்து அப்படியே காதில் விட்டால் அடுத்த நொடி தலை சுற்றும், சிலருக்கு வாந்தியே வரும். நடுக்காதை ஒட்டித்தான் உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. குளிர்ந்த திரவம் பட்டதும் அவற்றின் உள்ளே இருக்கும் நீர் நகர்கிறது, உடம்பு சுழல்வதாக மூளை நினைத்துக்கொள்கிறது. ஓட்டை இல்லாத காதிலேயே இது நடக்கும், ஓட்டை இருந்தால் இன்னும் வேகமாக. ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும், ஆபத்தில்லை. ஆனால் "இந்த மருந்து ஒத்துக்கல" என்று பாட்டிலைத் தூக்கி எறிகிறவர்கள் இங்கே நிறைய. சமவெளியில் பாட்டிலை ஒன்றிரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தால் போதும். இங்கே குளிர்காலக் காலையில் கையே சில்லென்று இருக்கும் என்பதால் ஸ்வெட்டரின் உட்புறம், உடம்போடு ஒட்டினாற்போல் பத்து நிமிடம் வைத்துக்கொள்வது சரியாக வரும். வெந்நீரில் போடுவது, அடுப்பு மேட்டில் வைப்பது, கங்கின் பக்கத்தில் வைப்பது எதுவும் வேண்டாம். சூடு அதிகமானாலும் தலை சுற்றும், காதும் புண்ணாகும்.

பிறகு ஒருக்களித்துப் படுத்து, ஒழுகும் காது மேலே இருக்கும்படி வைத்து, பாட்டில் நுனி காதில் படாமல் சொட்டு விட வேண்டும். விட்டதும் காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் குருத்தெலும்பை உள்ளே அழுத்தி அழுத்தி நாலு முறை விட வேண்டும். இந்த அழுத்தம்தான் மருந்தை ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் தள்ளுகிறது. ஐந்து நிமிடம் எழுந்திருக்கக் கூடாது. தொண்டையில் கசப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், மருந்து நடுக்காதைத் தாண்டி, மூக்கின் பின்புறம் போகும் குழாய் வழியாகத் தொண்டைக்கு வந்திருக்கிறது என்று பொருள். கசப்பு வந்தால் நல்லதுதான், வராவிட்டாலும் தவறில்லை.

பாட்டிலைத் திறந்த தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விடக் கூடாது. போன வருஷத்துப் பாட்டிலில் பாதி இருக்கிறது என்று அக்கா பிள்ளைக்குக் கொடுப்பதும் கூடாது.

ஜென்டாமைசின், நியோமைசின், ஃப்ராமைசெட்டின்

ஓட்டைக் காதுக்கு வேண்டாம். விலை குறைவு, கிருமியையும் கொல்லும், சீழும் நிற்கும், அதனால்தான் இன்னும் விற்கிறது. சிக்கல் என்னவென்றால் ஓட்டை வழியாக நடுக்காதுக்குப் போகும் இந்த மருந்துகள் வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வைக் கடந்து உள்காதுக்கும் போகக்கூடியவை. அங்கே கேட்கும் செல்களையும் சமநிலைச் செல்களையும் அழிக்கின்றன, அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. நியோமைசின் கேட்கும் திறனை அதிகம் தாக்கும், ஜென்டாமைசின் சமநிலையை. மெனியர் நோயில் ஓயாத தலைசுற்றலை நிறுத்த, சமநிலை உறுப்பை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்ய மருத்துவர்கள் ஜென்டாமைசினைத்தான் நடுக்காதில் ஊசியாகப் போடுகிறார்கள். அந்த மருந்தைத் தெரியாமல் தினமும் விட்டுக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை, அதுவும் பாதுகாப்பான சிப்ரோஃப்ளாக்ஸசின் பக்கத்திலேயே மலிவாக இருக்கும்போது. சில குடும்பங்களில் தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றத்தால் இந்த வகை மருந்து கொஞ்சம் பட்டாலே காது போய்விடும். ஊசி போட்டபின் காது கேட்காமல் போனவர் தாய்வழியில் யாராவது இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். உள்ளே என்ன மருந்து என்பது அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுப் படியுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நாலு மருந்து கலந்த சொட்டு

மலைக்கடைகளில் கேட்காமலேயே கைக்கு வருவது இதுதான். குளோராம்ஃபெனிகால், க்ளோட்ரிமசோல், பெக்லோமெத்தசோன், லிக்னோகெய்ன் நான்கும் ஒரே பாட்டிலில். கிருமிக்கு, பூஞ்சைக்கு, வீக்கத்துக்கு, வலிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே அடி. வெளிக்காதில் பூஞ்சை பிடித்து அரிப்பும் வலியும் இருந்து, செவிப்பறை முழுசாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லியிருந்தால் இது நல்ல மருந்து. ஓட்டைக் காதில் எரியும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் உள்காதை எட்டினால் கடுமையான தலைசுற்றல் வரும். குளோராம்ஃபெனிகால் சூடோமோனாஸை அடக்காது. ஆக, சீழ் வடியும் காதுக்கு இது பொருத்தமில்லாத செலவு.

சிப்ரோஃப்ளாக்ஸசினோடு டெக்ஸாமெத்தசோன் மட்டும் சேர்ந்த சொட்டு வேறு சங்கதி. நடுக்காதில் சதை வளர்ந்து ரத்தம் கலந்து ஒழுகுகிறவர்களுக்கு மருத்துவர்கள் எழுதுவார்கள். நாமாக வாங்குவதற்கில்லை.

பூஞ்சை என்று சொன்னதால் ஒன்று. சிப்ரோஃப்ளாக்ஸசினை வாரக்கணக்கில் நீட்டித்துக்கொண்டே போனால் கிருமி போன இடத்தில் பூஞ்சை வரும். சீழ் குறைந்து, தாங்க முடியாத அரிப்பு தொடங்கி, காதில் கறுப்புப் புள்ளிகளோ வெள்ளைப் பஞ்சு மாதிரியோ தெரிந்தால் அதுதான். சொட்டை நிறுத்திவிட்டு ஈஎன்டி மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஈரம் காயாத மழைமாதங்களில் இது அதிகம்.

காதழுக்குக் கரைப்பான், ஹைட்ரஜன் பெராக்சைடு

காதழுக்கைக் கரைக்கும் சொட்டுகள் பலவற்றில் பாரடைக்ளோரோபென்சீன், பென்சோகெய்ன், டர்பென்டைன் இருக்கும். டர்பென்டைன் பெயிண்டில் கலப்பது. செவிப்பறை ஓட்டை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது, வலி உயிர் போகும். பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று திருப்திப்படுகிறார்கள். நுரை ஈரத்தைத்தான் விட்டுப்போகும். வீட்டில் வேண்டாம்.

நீலகிரித் தைலம், பூண்டெண்ணெய், மற்றவை

சேரிங் கிராஸ் பக்கத்துக் கடைகளில் வரிசையாக அடுக்கி விற்கும் நீலகிரித் தைலமும் விண்டர்கிரீன் எண்ணெயும் மூட்டுவலிக்கும் மூக்கடைப்புக்கும் பெரியவர்கள் பயன்படுத்துவது. கற்பூர மரத்து இலையில் காய்ச்சியது இயற்கையானது, காதுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சுற்றுலா வந்தவர்களுக்கு விற்கும்போது சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். விண்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் மீத்தைல் சாலிசிலேட். முழங்காலில் தேய்த்தாலே சுடுகிற பொருள், நடுக்காதின் ஈரச் சவ்வில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால், இவை மூன்றும் இன்னும் வீடுகளில் நடக்கின்றன. எண்ணெய் உள்ளே போய்ப் படிந்துவிட்டால் பிறகு விடும் சொட்டு சவ்வில் ஒட்டாது. தாய்ப்பாலும் வெங்காயச் சாறும் காதில் ஈரத்தைத்தான் கூட்டும். பாட்டி சொல்வதைத் தட்ட முடியாத வீடுகளில் ஒரு வழி உண்டு. எண்ணெயைக் காதுக்குப் பின்னால், வெளித்தோலில் தடவிவிடுங்கள். பாட்டிக்கும் மனக்குறை இல்லை, காதுக்கும் கெடுதல் இல்லை.

ஆன்லைன் காது கேமரா

போனோடு இணையும் காது கேமராவை இப்போது பல வீடுகளில் பார்க்கலாம். படம் தெளிவாகவே வரும். காது உலர்ந்திருக்கும்போது செவிப்பறை ஓட்டையைப் படம் பிடித்து, கோயம்புத்தூரில் இருக்கும் மருத்துவருக்கு அனுப்புவதற்குப் பயன்படும். சீழ் இருக்கும்போது லென்ஸ் மங்கி எதுவும் தெரியாது. நுனியில் மாட்டித் தரும் குட்டிக் கரண்டிகளைப் பெட்டியைத் திறந்ததுமே குப்பையில் போடுங்கள். காதைச் சுரண்ட இதைப் பயன்படுத்துவதென்றால் வாங்கவே வேண்டாம்.

வாஸ்லினும் பஞ்சும்

அலமாரியில் சொட்டுக்கு அடுத்தபடி காசு கொடுக்கத் தகுந்தது இந்த இரண்டும்தான். தலைக்குக் குளிக்கும் முன் கொஞ்சம் பஞ்சை உருட்டி, அதன் மேல் வாஸ்லினை நன்றாகத் தடவி, காதின் வாயில் மூடிபோல் வைக்க வேண்டும், உள்ளே திணிக்கக் கூடாது. குளித்து முடித்ததும் எடுத்து எறிந்துவிட வேண்டும். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொடுக்கும், ஆகவே வாஸ்லின் இல்லாத பஞ்சு எதற்கும் உதவாது. சீழ் வெளியே தெரியக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நாள் முழுக்கப் பஞ்சு அடைத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கூச்சம் புரிகிறது, ஆனால் அடைத்த காது புழுங்கும், இன்னும் அதிகமாக ஒழுகும். நீச்சலும் ஓடையில் முங்கிக் குளிப்பதும் காது ஆறும் வரை இல்லை.

சொட்டால் தீராத காது

எந்தச் சொட்டும் ஓட்டையை அடைக்காது, காதை உலர்த்துவதோடு அதன் வேலை முடிந்தது. ஒழுங்காகத் துடைத்து, பாட்டிலை உடம்புச் சூட்டில் வைத்திருந்து, அழுத்தி, 14 நாள் விட்டும் காது உலரவில்லை என்றால் மூன்றாவது பாட்டில் வாங்காதீர்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மூக்கையும் அடினாய்டையும் பார்க்க வேண்டும், மைக்ராஸ்கோப்பில் காதைச் சுத்தம் செய்து ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வலியே இல்லாமல் பல ஓட்டைகளோடு ஒழுகும் காதில் காசநோயையும் சந்தேகிப்பார்கள்.

ஓட்டை செவிப்பறையின் நடுப்பகுதியில் இருந்து, சளிபோன்ற சீழ் நிறைய, நாற்றமில்லாமல் வந்தால் அது பெரும்பாலும் சொட்டுக்கு அடங்கும் வகை. சீழ் கொஞ்சமாக வந்தாலும் பிண நாற்றம் அடித்தால், செவிப்பறையின் மேல்மூலையில் குழி விழுந்திருந்தால், அது கொலஸ்டியட்டோமாவாக இருக்கலாம். வெளித்தோல் நடுக்காதுக்குள் புகுந்து, உதிரும் செதில்கள் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகச் சேர்ந்து, பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டே போகும் நிலை இது. கேட்கும் சின்ன எலும்புகளில் நடு எலும்பின் நீண்ட கால்தான் பெரும்பாலும் முதலில் போகும். பிறகு முகநரம்பு, அரைவட்டக் குழல், மூளையுறை. சொட்டு விட்டால் நாற்றம் சில நாள் குறையும், உள்ளே அரிப்பு நிற்காது. இதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது: காதின் பின்புறம் வீங்கி மடல் முன்னால் தள்ளி நிற்பது, வாய் ஒரு பக்கம் கோணுவது, விடாத தலைசுற்றல், கடுமையான தலைவலியோடு காய்ச்சலும் வாந்தியும், கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம், திடீரென்று காது முழுசாகக் கேட்காமல் போவது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். இரவில் வண்டிக்கு 108.

சாதாரண ஓட்டைக்குச் செய்வது டிம்பனோபிளாஸ்டி. காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுத் தசையின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை மூடுகிறார்கள். கொலஸ்டியட்டோமாவுக்குக் காதின் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், அதன் பிறகும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் திரும்ப வரும் நோய் அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய் இந்த அறுவை சிகிச்சைக்குச் செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு காதையும் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பள்ளி மருத்துவத் திட்டத்திலேயே இருக்கிறது. காது ஒழுகுவதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் மலைக்காரர்கள் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும், மருத்துவராக நினைவு வைத்துச் சொல்வார் என்று இருந்துவிடக் கூடாது: எத்தனை நாள் கழித்து மலை ஏறலாம், எப்போது மறுபடி இறங்கலாம்? ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஏறும்போது நடுக்காதுக் காற்று விரிந்து புதுச் சவ்வை வெளியே தள்ளும், அது மூக்கின் பின்புறம் போகும் குழாய் வழியே எளிதாகத் தப்பிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று சவ்வை உள்ளே அழுத்தும், குழாய் தானாகத் திறக்காது, விழுங்கினால்தான் திறக்கும். அதனால் பரிசோதனைக்காகக் கீழே போகும் பயணம்தான் கவனிக்க வேண்டியது. சளி இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் சேரும் வரை தூங்காமல் தண்ணீரை அடிக்கடி ஒரு மடக்கு விழுங்கிக்கொண்டே வாருங்கள். மூக்கைப் பிடித்துக் காற்றை அழுத்தி ஊதிக் காதைத் திறக்கும் பழக்கம் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். பச்சைத் தேயிலை மூட்டை, விறகுக் கட்டு எதையும் மருத்துவர் சொல்லும் வரை தூக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும் சொட்டைக் கீழேயே, மருத்துவமனை மருந்தகத்திலேயே முழு அளவுக்கும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். சீட்டில் எழுதிய அதே மருந்து இல்லை, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று மேலே வேறொன்றை நீட்டினால் வாங்காதீர்கள்.